ரிட்டர்ன் எம்ப்டிங்ணா!

கோயமுத்தூர் ஆட்டோ ஸ்டாண்டுகளில் ஒரு மந்திரம் உண்டு. நாலே வார்த்தை. 'வரும்போது ரிட்டர்ன் எம்ப்டியா வரோணுமுங்ணா!'

இதைச் சொன்னதும் எழுபது ரூபாய் தூரம் நூற்றைம்பது ரூபாய் தூரமாக நீண்டுவிடும். கையில் பெட்டி இருந்தால் இருநூறு. வாயைத் திறந்து வெளியூர் பாஷை பேசிவிட்டால் அதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி!

மரியாதைக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. மற்ற ஊரில் அதட்டிக் கேட்பதை இங்கே 'ங்க' போட்டுக் கேட்பார்கள். கை பழகிய நர்ஸ் ஊசி போடுகிற மாதிரி. ஏறினது தெரியாது, வீட்டுக்குப் போய்ப் பர்ஸைத் திறந்தால்தான் வலிக்கும்.

விடியற்காலை சேரன் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிற நேரத்தில் ஜங்ஷன் வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். காலேஜ் பையன்கள் முதுகுப் பையை மாட்டிக்கொண்டு, ஆட்டோக்காரர்களை ஏறெடுத்தும் பார்க்காமல், மெயின் ரோட்டுக்கு நடந்து டவுன் பஸ்ஸைப் பிடித்து விடுகிறார்கள். வியாபாரிகளுக்கு வீட்டிலிருந்து கார் வந்திருக்கும். மிச்சம் நிற்பது யார்? ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த கிராமத்துப் பெரியவர். கூடவே முட்டிவலியோடு ஒரு அம்மா. இவர்களால் மெயின் ரோட்டுக்கு நடக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

"எங்க போகோணுமுங்க? ஆஸ்பத்திரிங்ளா? முன்னூறு குடுங்க பெரியவரே."

"இருநூறு வாங்கிக்கப்பா."

"கட்டுபடி ஆகாதுங்க. ரிட்டர்ன் எம்ப்டி..."

பெரியவர் ஏறிவிடுகிறார். பேரம் என்பது நடக்கத் தெம்பிருக்கிறவனுக்குக் கிடைக்கிற தள்ளுபடி. நோயாளிக்கு ஃபுல் ரேட்! என்னுடைய கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். ஜவுளி வாங்க வந்தவர் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தால் எனக்குத் தூக்கம் கெடாது.

சரி, அந்த ரிட்டர்ன் ஏன் எம்ப்டி? ஆயிரம் பேர் நடமாடுகிற ஆஸ்பத்திரி வாசலில் ஆளை இறக்கிவிட்டு ஒருவர் ஏன் காலி வண்டியாகத் திரும்ப வேண்டும்? அங்கே ஒரு சவாரிகூடவா கிடைக்காது?

கிடைக்கும். ஏற்றக்கூடாது! அங்கே இன்னொரு ஸ்டாண்டு இருக்கிறது. அதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வரிசை இருக்கிறது. வெளி ஸ்டாண்டு வண்டி அங்கே ஆளை ஏற்றினால் பத்து பேர் கூடிவிடுவார்கள். அதே மாதிரி அந்த ஆஸ்பத்திரி ஸ்டாண்டுக்காரர் ஜங்ஷனுக்கு ஒருவரைக் கொண்டுவந்து விட்டால் அவரும் காலியாகத்தான் திரும்ப வேண்டும். ஆக, ஒரே ரோட்டில் இரண்டு காலி ஆட்டோக்கள் எதிரும் புதிருமாகக் கடந்து போகின்றன. இரண்டிலும் வாடகை கொடுத்து உட்கார்ந்திருப்பது யார்? நீங்களும் நானும்தான். கண்ணுக்குத்தான் தெரிவதில்லை!

நல்ல ஸ்டாண்டில் சேருவதற்குப் பணம் கட்ட வேண்டும், தெரியுமோ? கடைக்குப் பகடி கொடுப்பது போல. அந்தப் பணத்தைப் போட்டவர் அதை எடுக்கத்தானே பார்ப்பார்? பி.காம். வகுப்பில் 'குட்வில்' என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். பேலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கம் எழுதுகிற ஒரு சமாசாரம். ரோட்டோரத்தில் பத்தடி இடத்துக்கும் அது உண்டு என்று எங்கள் புரொபஸர் சொல்லித்தரவில்லை.

அதோடு நிற்கிறதா? லாட்ஜ் பையனுக்குக் கமிஷன். 'மாமூல்' என்று ஒரு செலவுத் தலைப்பு, அதற்கு வவுச்சர் கிடையாது. எல்லாவற்றையும் கூட்டி மீதியை மூன்று மணி நேரக் காத்திருப்பால் வகுத்தால் வருவதுதான் அந்த முன்னூறு. ரேட் ஜாஸ்தி என்று ஜனங்கள் ஆட்டோவைத் தவிர்க்கிறார்கள். ஜனங்கள் குறைவதால் காத்திருப்பு கூடுகிறது. காத்திருப்பு கூடுவதால் ரேட் ஏறுகிறது. செக்குமாடு சுற்றி வருகிறது, எண்ணெயைத்தான் காணோம்.

நம்மூர் பம்ப்செட் கம்பெனிகள் டீலர்களை தாய்லாந்துக்கு டூர் அழைத்துப் போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப் போய் வந்த ஒரு சிநேகிதர் புக்கெட் தீவின் கடற்கரையைப் பற்றி ரெண்டு நிமிஷம் பேசினார். டாக்ஸியைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார்!

"ஏனப்பா, அங்கயும் நம்ம ஸ்டாண்டு கதைதான். இந்த பீச் வண்டி அந்த பீச்சுல ஆள் ஏத்தக் கூடாதாமா. அதனால போறதுக்கும் வர்றதுக்கும் சேர்த்து வாங்கிப் போடறான்."

அவர் சொன்னது வாஸ்தவம். ஹோட்டலுக்கு ஹோட்டல், பீச்சுக்கு பீச் டாக்ஸிக் கோஷ்டிகள் எல்லை பிரித்து வைத்துக்கொண்டு, வெளி வண்டியை உள்ளே விடாமல் வருஷக்கணக்காக நடத்திய தர்பார் அது. 2014 மே மாதம் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த மாதமே பட்டாளமும் போலீசும் புக்கெட்டில் இறங்கி, டாக்ஸிக் கோஷ்டிகளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். ஸ்டாண்டுகளை அகற்றினார்கள். உலகம் கைதட்டியது. ஆனால் புக்கெட் டாக்ஸி ரேட்டைப் பற்றிய புலம்பல் அதற்குப் பிறகும் ஓயவில்லை. துப்பாக்கியோடு வந்தவர்களாலேயே முடியவில்லை என்றால், நம்மூர் டிராபிக் கான்ஸ்டபிள் கையில் ஒரு லத்தியைக் கொடுத்து 'போய் மீட்டர் போடச் சொல்லு' என்றால் நடக்கிற காரியமா?

மீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் 'சூடு வைத்த மீட்டர்' என்று அலுத்துக்கொள்வோம். ஓடாத வண்டியிலும் ஓடுகிற மீட்டர் அது. இன்றைக்கு யோசித்தால் அந்த நாளே தேவலை போலிருக்கிறது. பொய்யாவது ஒரு எண்ணைக் காட்டிச் சொன்னார்கள்!

இப்போது கொஞ்சம் கணக்கு. சலிப்படையாமல் வாருங்கள்.

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குக் கட்டணம் அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. கூடவே 80 கோடி ரூபாய் செலவில், ரசீது அச்சடித்துத் தருகிற ஜி.பி.எஸ். மீட்டர் இலவசமாகத் தருவோம் என்றும் அறிவித்தார்கள். அந்த மீட்டர் எந்த ஸ்டாண்டிலோ வரிசையில் நிற்கிறது போலும், சவாரிக்கு வந்து சேரவில்லை. அப்போது பெட்ரோல் லிட்டர் எழுபது ரூபாய் சொச்சம். அது நூறைத் தாண்டிய பிறகும் கட்டணம் அசையவில்லை. பொறுத்துப் பார்த்த சங்கங்கள் 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சம் 50, கிலோமீட்டருக்கு 18 என்று தாங்களாகவே அறிவித்தன. அது செல்லாது என்றது அரசு. பதினோரு வருஷமாகப் பேசாமல் இருந்தவர்களுக்கு அன்றைக்கு மட்டும் குரல் வந்துவிட்டது!

ஒரு ஐந்து கிலோமீட்டர் சவாரியை வைத்துக்கொள்வோம். 2013 கணக்கில் 63 ரூபாய் 40 காசு. சங்கங்கள் சொன்ன ரேட்டில் 107 ரூபாய் 60 காசு. வாளையாறு தாண்டிக் கேரளாவில், 2022 மே மாதக் கட்டணப்படி 82 ரூபாய் 50 காசு. பெங்களூரில் 2025 ஆகஸ்டு முதல் 90 ரூபாய். பம்பாயில் 2025 பிப்ரவரிக் கட்டணப்படி சுமார் 86.

பார்த்தீர்களா? அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் எண்பதிலிருந்து தொண்ணூறுக்குள் விஷயம் முடிந்துவிடுகிறது. நம்மிடம் காகிதத்தில் 63, ரோட்டில் 150. 63 ரூபாய்க்கு எந்த மனுஷனும் ஓட்ட முடியாது. முடியாத ஒரு ரேட்டை எழுதி வைத்தால் அதை யாரும் மதிக்கப் போவதில்லை. சட்டப்படியான ரேட்டுக்கே உயிரில்லை என்றால் நூற்றைம்பதும் ஒன்றுதான், முன்னூறும் ஒன்றுதான். தட்டிக் கேட்க வேண்டிய அதிகாரிக்கும் மனசாட்சி உறுத்தும், இல்லையா? உறுத்துகிற மனசாட்சிக்கு மாமூல் நல்ல தைலம்.

காந்திபுரத்தில் ஒரு டிரைவரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலை ஆறு மணிக்கு வந்தவருக்கு மதியம் ஒரு மணி வரை மூன்று சவாரி. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு, பக்கத்துத் தூரத்துக்கு ஆட்டோ ஏறுகிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். அதில் அவருக்குக் கோபமில்லை. "எங்க ஊட்டு அம்மிணியும் அதுலதானுங்க வேலைக்குப் போகுது" என்றார் சிரித்துக்கொண்டே.

"எஃப்.சி.க்கு வண்டி விடோணும்னா பெயிண்ட், டிங்கரிங் எல்லாம் செஞ்சாகோணும். இன்சூரன்ஸ் கட்டோணும். கையில ஏதுங்க அவ்வளவு? தண்டல்தான்."

தண்டல் கணக்கு தெரியாதவர்களுக்காக: பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டி போட்டுப் பார்த்தால் வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. நூறு நாள் முடிவதற்குள் அடுத்த செலவு, அடுத்த தண்டல். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. நமக்குத்தான் சட்டத்துக்கு எந்த நாளிலும் பஞ்சமில்லையே! 'மீட்டர் வட்டி' என்று ஒரு வார்த்தை நம் ஊர்ப்பக்கம் புழங்குகிறது. ஆட்டோவில் நின்றுபோன மீட்டர் அங்கே போய் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆக, அந்தப் பெரியவர் கொடுத்த முன்னூறு டிரைவர் வீட்டு அரிசிப் பானைக்கு மட்டும் போகவில்லை. வட்டிக்காரர், ஸ்டாண்டுப் பணம், கமிஷன், மாமூல் என்று பங்கு பிரிந்தபின்தான் வீட்டுக்குப் போகிறது.

செல்போன் ஆப் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று கொஞ்ச நாள் குதித்தோம். அதற்கு முன்பே கால் டாக்ஸி விஷயத்தில் கோயமுத்தூர் கெட்டிக்கார ஊர். போன் போட்டால் வீட்டு வாசலுக்குக் கார் வந்து, சொன்ன ரேட்டுக்குக் கொண்டுபோய் விட்டதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். இப்போது ஆப்பில் 140 என்று காட்டுகிறது. அடுத்த நிமிஷம் போன் வருகிறது. "எங்கீங்ணா போகோணும்? ஆப்ல எவ்வளவு காட்டுது? மேல ஒரு ஐம்பது போட்டுக் குடுத்தறீங்களா?" ஜங்ஷன் வாசலில் நின்று பேசிய பேரத்தை இப்போது சோபாவில் சாய்ந்து பேசுகிறோம். விஞ்ஞான முன்னேற்றம்!

அவினாசி ரோட்டு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்தார்கள். பத்து கிலோமீட்டர், ஜி.டி. நாயுடு பெயர். நேரம் மிச்சமாச்சே, ஏர்போர்ட்டுக்கு ரேட்டைக் குறைக்கலாமே என்று ஒருவரிடம் கேட்டேன். "பாலத்துல போனா நடுவுல ஒரு சவாரியும் ஏத்த முடியாதுங்ணா. சுத்தமா ரிட்டர்ன் எம்ப்டி!" அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான் தொழிலை ஆரம்பித்தார். பழனியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கூட்டம் குறைவாக இருக்கிறது என்று போகிறவரிடம் இரண்டு டிக்கெட் கிழித்திருந்தால் யு.எம்.எஸ். என்று ஒரு கம்பெனியே வளர்ந்திருக்காது.

கேரளாவில் 2025 மார்ச்சில் ஒன்று செய்து பார்த்தார்கள். 'மீட்டர் போடாவிட்டால் பயணம் இலவசம்' என்று ஆட்டோவுக்குள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. டிரைவர்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே வாபஸ். அங்கே கட்டணமாவது கௌரவமான தொகை. இங்கே 63 ரூபாயை வைத்துக்கொண்டு அந்த ஸ்டிக்கரை ஒட்டினால் ஆட்டோவே ஓடாது!

கரண்ட் கட்டணத்துக்கு என்ன செய்தார்கள் என்று விசைத்தறிக்காரர்களைக் கேளுங்கள், வயிறு எரியச் சொல்வார்கள். 2022-ல் போட்ட உத்தரவின்படி வருஷா வருஷம் ஜூலையில், விலைவாசிக் குறியீட்டோடு முடிச்சுப் போட்டுக் கட்டணத்தைத் திருத்த ஏற்பாடு. மந்திரி மாநாடு, சங்கம், தர்ணா ஒன்றும் வேண்டாம். தேதி வந்தால் ரேட் மாறும். அரசாங்கம் தனக்கு வரவேண்டிய பணத்துக்குக் கண்டுபிடித்த இந்த நல்ல யோசனையை ஆட்டோக்காரருக்கும் கொஞ்சம் கடன் கொடுக்கலாம். வட்டியில்லாமல்!

அதைச் செய்துவிட்டு, இரண்டாவதாக ஸ்டாண்டு வேலியைப் பிடுங்க வேண்டும். ஜங்ஷனிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ரோடு மாநகராட்சியுடையதோ ரயில்வேயுடையதோ, எந்தச் சங்கத்துடையதும் அல்ல. ஆளை இறக்கிய வண்டி எதுவானாலும் வரிசையின் கடைசியில் நின்று அடுத்த ஆளை ஏற்றலாம் என்று ஒரு விதி. பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் முதல் நாள் சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். ஆனால் ஊர் முழுக்கத் தங்களுக்கும் திறந்துவிட்டதை ஒரு மாதத்தில் அவர்களே கணக்குப் பார்த்துவிடுவார்கள். நம் ஊர் மனுஷருக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதில்லை.

காந்திபுரத்துக்காரரிடம் இதைச் சொன்னபோது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"நூறு ரூபான்னு போர்டுல எழுதி வெச்சுட்டா எனக்கு இருபது சவாரியில ஒண்ணுல நட்டமாகும், மத்ததுல தொண்டத்தண்ணி மிச்சமாகுமுங்க. ஆனா ஒண்ணு. அந்த நூறு நாலு வருஷம் கழிச்சும் நூறாவே நின்னுச்சுன்னா, நான் பழையபடி பேரத்துக்கு வந்துருவேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."