ஒரு பூச்சி, இரு பெயர்

விக்கிரவாண்டிப் பக்கத்துத் தென்னையிலோ பனையிலோ ஓலை தீய்ந்ததுபோல் காய்ந்திருந்தால், அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நூலும் எச்சமும் கலந்து கட்டிய கூட்டுக்குள் கருந்தலைப் புழு பச்சையைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கலாம். அதுவே பின்னர் சாம்பல்நிற அந்துப்பூச்சியாகிறது.

இலங்கையில் கிடைத்த இப்பூச்சிக்கு 1864-ல் பிரான்சிஸ் வாக்கர் ‘ஒபிசினா அரெனோசெல்லா’ என்று பெயரிட்டார். 1905-ல் மேரிக் என்பார் அதையே புதிதென்றெண்ணி ‘நெபாண்டிஸ் செரினோபா’ என்றார். நெடுங்காலம் நம் தேசத்து ஆராய்ச்சிகள் பிந்திய பெயரிலேயே வெளிவந்தன. இரண்டும் ஒன்றே என்று தெளிந்தபின், முந்திய பெயரே நிலைத்தது. அதுவே சாஸ்திர விதி.

பெயரிலென்ன என்று அலட்சியம் செய்யலாகாது. ஒரு பெயரை மாத்திரம் தேடும் மாணவனுக்குப் பாதி அறிவே கிட்டும், நஷ்டம் குடியானவனுக்கு. புழுவைக் கொட்டி மாய்க்கும் உபகாரியான ‘கோனியோசஸ் நெபாண்டிடிஸ்’ குளவியோ, தள்ளுண்ட பெயரை இன்றும் சுமந்து திரிகிறது!