தங்க நிற ரம்பம் தச்சருக்கு லாபமா?

பளபளவென்று தங்க நிறம்! கடையில் அந்த ரம்பத் தட்டு மின்னுகிறது. பக்கத்திலே சாதாரணத் தட்டு. விலை குறைவு. தச்சர் எதை வாங்குவது?

அந்த நிறம் தங்கம் அல்ல. டைட்டானியம் நைட்ரைடு என்ற பொருள். மிக மிகக் கடினமானது. காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் ரம்பத்தை வைத்து, டைட்டானியத்தை ஆவியாக்கி, நைட்ரஜனுடன் சேர்த்துப் படிய விடுகிறார்கள். பூச்சின் கனம் ஒரு மில்லி மீட்டரை ஆயிரம் பங்கு போட்டால், அதிலே இரண்டு மூன்று பங்குதான். தலைமயிர் இதைவிடப் பல மடங்கு தடிப்பு!

மணலே பகைவன்

மரத்தூளையும் சிறு துண்டுகளையும் பசை போட்டு அழுத்திய பலகை, கைக்கு மென்மையாகத்தான் தெரியும். ஆனால் பசை இறுகிக் கெட்டியாகிவிடும். கழிவு மரத்தோடு மணலும் வந்து சேரும். அது பல்லை அரிக்கிறது. பலகையின் நடுப்பகுதி பொருபொருவென்று இருக்கும். மேல்புறமும் அடிப்புறமும் கெட்டி. அதனால் எந்திரக் கத்தியிலே அந்த இரண்டு இடங்கள் படும் பகுதி முதலில் தேயும். (தேக்கும் லேசுப்பட்டதல்ல. அதனுள்ளும் மணல் சத்து உண்டு.)

வெறும் எஃகுப் பல் இதற்குத் தாங்காது. 1920-களில் ஜெர்மனியிலே குருப் கம்பெனி, டங்ஸ்டன் கார்பைடை "விடியா" என்ற பெயரில் விற்றது. "வைரம் போல" என்று பொருள். இன்று ரம்பப் பல்லில் பற்றவைப்பது இந்தக் கார்பைடைத்தான்.

அதன்மேல் தங்கப் பூச்சு எதற்கு? இரும்பு கடையும் பட்டறையில் அது பெரும் உதவி. அங்கே சூடு அதிகம், பூச்சு தாங்கும். மரவேலையின் கதை வேறு. இங்கே முனை மெல்லியதாக, கூராக இருக்க வேண்டும். மெல்லிய முனையில் பூச்சு நிற்காமல் சில்லுச் சில்லாக உதிரும்.

இன்னொன்று. மழுங்கிய ரம்பத்தைச் சாணை பிடிக்காத தச்சர் யார்? சாணைக் கல் பட்ட பக்கத்தில் பூச்சு போயே போச்சு! கொடுத்த பணமும் அதோடு போச்சு.

ஆகவே சிறு பட்டறைக்குத் தங்க நிறம் வேண்டாம். நல்ல கார்பைடு பல்லும், காலத்தில் சாணையும் போதும். மழுங்கிய ரம்பத்தோடு மல்லுக்கட்டுவதுதான் ஆபத்து. பலகை கருகும், மைக்கா ஓரம் பெயரும், அழுத்தித் தள்ளும்போது கை நழுவினால் விரலே போய்விடும்.

திருப்பிப் போட்டு, தேய்ந்ததும் எறிந்துவிடும் கத்திகளுக்குப் பூச்சு போடலாம். அவற்றுக்குச் சாணை கிடையாது. ஈர மரத்தின் புளிப்பு, கார்பைடைப் பிணைக்கும் கோபால்ட்டை அரிக்கும். அங்கேயும் தகுந்த பூச்சு உதவும்.

வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்று: பூச்சு பல்லில் இருக்கிறதா, தட்டில் மட்டும் இருக்கிறதா? தட்டில் மட்டும் என்றால் பிசின் ஒட்டுவது குறையும். பல் தேய்வது குறையாது.

பெரிய தொழிற்சாலைகளில் செயற்கை வைரப் பல்லே உண்டு. கார்பைடைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனால் பலகைக்குள் ஓர் ஆணி கிடந்தால் போதும். பல் தெறித்துவிடும்!