தீராததைத் தீர்ந்ததென்னும் பிரமை

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் வீடுகளில் ஆண்டுச் சடங்கு போல ஒரு காரியம் நடைபெறுகிறது. ஏ.சி.யில் கூலிங் போதவில்லை என்று வீட்டார் முறையிட, வந்து பார்த்த மெக்கானிக், "கேஸ் தீர்ந்துபோச்சு சார், ஏத்திடலாம்" என்று சொல்ல, அடுப்பு கேஸும் ஸ்கூட்டர் பெட்ரோலும் தீர்வதைப் போல இதுவும் உபயோகத்தால் தீரும் வஸ்துதான் என்ற நம்பிக்கையில், மறு கேள்வியின்றிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இந்த நம்பிக்கை அடியோடு பிழையானது.

அடுப்பில் கேஸ் எரிகிறது, ஆகையால் தீர்கிறது. ஏ.சி.யில் உள்ள வாயு எரிவதுமில்லை, வேறொன்றாக மாறுவதுமில்லை. கம்ப்ரஸரால் அழுத்தப்பட்டுச் சூடேறி, வெளியிலுள்ள யூனிட்டில் தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகி, குறுகிய வழியில் நுழைந்து அழுத்தம் தணிந்து, அறைக்குள் இருக்கும் காயிலில் கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி கம்ப்ரஸருக்கே அது திரும்பி வருகிறது. கமலைச் சால் கிணற்றில் இறங்கி நீரை மொண்டு வந்து வாய்க்காலில் கொட்டிவிட்டு மீண்டும் இறங்குகிறதே, அதைப் போன்றது இதன் சஞ்சாரம். நீர் இறைத்ததனால் சால் தேய்ந்து மறைந்தது என்று எந்த உழவரும் சொன்னதில்லை.

பிரத்தியட்சப் பிரமாணம் வேண்டுவோர் தம் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்கலாம். அதே தத்துவத்தில், இரவு பகல் ஓயாமல், பதினைந்து ஆண்டுகள் ஓடியும் ஒரு முறைகூட கேஸ் ஏற்றப்படாத ஃபிரிட்ஜுகள் எத்தனையோ உண்டு. அவற்றின் குழாய்கள் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடப்பட்டவை, ஸ்ப்ளிட் ஏ.சி.யின் குழாய்களோ நம் வீட்டுச் சுவரில் ஏணி போட்டு ஏறியவர் அவசரமாக நட்டு முறுக்கி இணைத்தவை. வேறுபாடு அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

என் வீட்டிலும் மூன்று கோடைகள் தொடர்ந்து கேஸ் ஏற்றினோம். நான்காம் கோடையில் வந்த முதியவர் ஒருவர், சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு குவளையில் சோப்புத் தண்ணீர் கேட்டார். வெளி யூனிட்டில் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பசையில் புழுதி அப்பியிருந்ததைக் காட்டி, "இங்கதான் சார் போகுது" என்று சொல்லி, அதன்மேல் நுரையைத் தடவினார். சிறிது நேரத்தில் மிளகளவு குமிழ் ஒன்று எழுந்து, பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் மற்றொன்று எழுந்தது. மூன்றாண்டுப் பணமும் அந்த வழியே போயிருந்தது. குழாயின் முனையை வெட்டி, புதிதாக விரித்து, நட்டை இறுக்கித் தந்த பிறகு இன்றுவரை கேஸ் ஏற்றும் அவசியமே நேரவில்லை.

நஷ்டம் நம் பணப்பையோடு நிற்பதில்லை. திரும்பி வரும் குளிர்ந்த ஆவிதான் பெரும்பாலும் கம்ப்ரஸரின் சூட்டைத் தணிக்கிறது; அது குறைந்தால் கம்ப்ரஸரின் ஆயுளும் குறையும். கசியும் வாயு ஆகாயத்தையும் கெடுக்கிறது. ஏ.சி.க்களில் நிரப்பப்பட்டு வந்த, ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்-22 என்ற வாயு, 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழிவந்த கட்டுப்பாடுகளால் விலக்கப்பட்டு வருகிறது. அதன் ஸ்தானத்துக்கு வந்த ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லையெனினும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 675 மடங்கு பூமியைச் சூடாக்க வல்லது. மற்றொரு ஏ.சி. வாயுவான ஆர்-410ஏ-யோ 2,000 மடங்குக்கும் மேல். அறையைக் குளிர்விப்பதாக எண்ணிக்கொண்டு, ஆண்டுதோறும் இவற்றை ஆகாயத்தில் கசியவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

கேஸ் குறைவதேயில்லை என்று நான் வாதிக்கவில்லை. குறைந்திருந்தால் அது கசிந்திருக்கிறது என்பதே என் வாதம். அழுக்கேறிய ஃபில்டரும் புழுதி அடைத்த காயிலும்கூடக் கூலிங்கைக் குறைக்கும். ஆதலால் முதலில் அவற்றைக் கழுவிப் பார்க்க வேண்டும். பின்னும் குறையிருந்தால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்து, வேக்குவம் செய்து, யூனிட்டின் மேல் அச்சிட்டுள்ள எடையளவுக்குத் தராசில் நிறுத்து நிரப்புவதே முறை. இதற்கு அரைநாள் பிடிக்கலாம். அந்த உழைப்புக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுக்க நாமும் கடமைப்பட்டிருக்கிறோம். கால் மணி நேரத்தில் வேலை முடிய வேண்டுமென்று அவசரப்படுத்துகிற நாமே இந்தப் பிரமைக்குப் பாதிக் காரணம்.

இனி "கேஸ் தீர்ந்துபோச்சு" என்ற சொல் காதில் விழும்போது, "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன், "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்று கேட்டு, சோப்புத் தண்ணீர்க் குவளையை நாமே எடுத்து நீட்டுவோம்.