மைதானமும் உரிமைதான்

பள்ளிக்கூடம் விட்டதும் நம்ம பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? ஆடு மேய்க்க, தண்ணி தூக்க, தம்பி தங்கச்சியைப் பார்த்துக்க. விளையாட்டெல்லாம் வசதி உள்ளவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் என்று நாமும் இருந்துவிடுகிறோம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலை செய்து தேயுற உடம்பும் விளையாடி வளருற உடம்பும் ஒன்றா?

ஜார்க்கண்டில் ராஞ்சி அருகே ஓர்மாஞ்சியில் 2009இல் 'யுவா' அமைப்பு தொடங்கியது. பள்ளி நேரம் போக மீதிப் பொழுதில் ஆதிவாசிச் சிறுமிகள் கால்பந்து ஆடினார்கள். தொடங்கியவர் ஓர் அமெரிக்கர். ஆனால் மூத்த பெண்களே இளையவர்களுக்குப் பயிற்சியாளர் ஆனார்கள். 2013இல் ஸ்பெயின் போய் கஸ்தெய்ஸ் கோப்பைப் போட்டியில் மூன்றாமிடம் பிடித்தார்கள். அந்தப் பயணத்துக்காகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் பஞ்சாயத்து அலுவலகம் போனபோது அறைந்தார்கள், தரையைப் பெருக்கச் சொன்னார்கள் என்று அந்தச் சிறுமிகளே வெளியே சொன்னார்கள். முன்னே இப்படிச் சொல்ல யாருக்குத் துணிச்சல் இருந்தது?

அதே மண்ணில் பிறந்த ஜெய்பால் சிங் முண்டா 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணித் தலைவர்; 1939இல் ஆதிவாசி மகாசபைத் தலைவர். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து ஆதிவாசிகளுக்காக வாதாடியவர்.

பதக்கம் வாங்கினால் சாதி போய்விடும் என்று நாம் சொல்லவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டவர் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் அணி தோற்றதும் ஹரித்வார் அருகே அவர் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால்தான் தோல்வி என்று ஏசினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். ஆகவே நமக்கு வேண்டியது ஒரு நட்சத்திரம் மட்டுமில்லை; திடமான உடம்பும் கூடி நிற்கிற பழக்கமும் உள்ள ஒரு தலைமுறை.

தோழர்களே, சேரியில் நாம் நடத்தும் மாலைப் பள்ளியில் புத்தகத்தோடு ஒரு பந்தும் இருக்கட்டும். வயிறு காய்ஞ்ச பிள்ளை ஓடாது. சுண்டலுக்கும் வழி பண்ணுங்கள். பெண் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க உட்கார வைக்காதீர்கள். அணித் தலைவரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் அது எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.