களத்துக்கு வெளியே ஒரு குத்து

பழிக்குப் பழி வாங்கும் கதை என்றால் நமக்கெல்லாம் கொண்டாட்டந்தான். சுதா கொங்கராவின் இயக்கத்தில் 2016-ல் வெளிவந்த ‘இறுதிச்சுற்று’ அத்தகைய குத்துச்சண்டைப் படம்.

கதாநாயகி மதி, வடசென்னையில் மீன் விற்கும் பெண். தேவனாம்பட்டினத்திலும் கடலூர் முதுநகரிலும் மீன்கூடை சுமக்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்த நமக்கு அவள் அந்நியள் அல்லள். அவளது வாய்த்துடுக்கும், பாண்டியனாக வரும் நாசர் படும் பாடும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கின்றன. மதியாக நடித்த ரித்திகா சிங் உண்மையிலேயே கிக்பாக்சிங் வீராங்கனை. ஆகவே அவர் விடும் குத்தில் பொய்யில்லை.

சிரிப்புக்கு அடியில் துயரமும் உண்டு. பயிற்சியாளர் பிரபு, விளையாட்டுச் சங்க அரசியலால் சென்னைக்குத் தூக்கியடிக்கப்பட்டவர். மதியோ அவரது அக்கறையைக் காதலென எண்ணி, மறுக்கப்பட்டு மனமுடைகிறாள். பொறாமை கொண்ட அக்காளே அவள் கையைக் காயப்படுத்துகிறாள். அத்தனையும் தாங்கி, இறுதியில் வெல்கிறாள். வென்ற கையோடு, தன் குருவை வதைத்த சங்கப் பிரமுகருக்கும் ஒரு குத்து விடுகிறாள்! நாங்களும் கைதட்டினோம். அந்தக் கைதட்டல் சரிதானா?

நாங்கள் சிலம்பம் பயிலும் மாணவியர். சென்ற ஆண்டு சிதம்பரத்தில் ஒரு போட்டியில் தோற்றோம். தீர்ப்பு நியாயமில்லை என்று எங்களுக்குப் பட்டது. திரும்பும் பேருந்தில் புதுச்சத்திரம் வரை அழுகை. ஆலப்பாக்கம் வந்ததும் ஆளுக்கொரு சபதம். அடுத்த சில வாரங்கள் எதிரணியின் முகங்களையே நினைத்துக் கம்பு சுற்றினோம். பலன்? வேகம் கூடியது, காலடி தப்பியது. காலடி தப்பினால் கம்பு யாரை அடிக்கும்? சுற்றியவரைத்தான்! வீங்கியது எங்கள் முழங்கால்களே.

புனித பவுலடியாரும் குத்துச்சண்டையை உவமையாகக் காட்டியிருக்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9-ஆம் அதிகாரத்தில், தாம் காற்றைக் குத்துபவர் அல்லர் என்கிறார். அடக்க வேண்டியது தம் உடலையே என்கிறார். பழியை நினைத்துச் சுற்றும் கம்பும் காற்றை அடிக்கும் கம்புதானே?

அநீதியைக் கண்டு வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. முறையிட வழிகள் உண்டு, முறையிடுவோம். ஆனால், களத்துக்கு வெளியே விடும் குத்து களத்தில் பெற்ற வெற்றியைச் சிறிதாக்கி விடுகிறது. கோபம் நம்மை விடியற்காலையில் எழுப்பலாம். ஆனால் கம்பைச் சுற்றப் பொறுமைதான் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலில் இடம்பெற்றது 2012-ல்தான். அவ்வாண்டே மேரி கோம் வெண்கலம் வென்றார். நம் சிலம்பமும் 2024 சனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆகவே மகளின் கையில் கம்பைக் கொடுக்க அஞ்சாதீர்கள். கம்பு அவளுக்கு முதலில் கற்றுத்தருவது அடக்கத்தையே.

மீண்டும் சிதம்பரம் செல்வோம். அதே அணியைச் சந்தித்தால் முதலில் கைகூப்பி வணங்குவோம். பிறகு, விதிப்படி, ஒரு கை பார்ப்போம்!