பேரீச்ச மரமும் பேசாத பிள்ளைகளும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் நம் மஹல்லாக்களில் ஒலிப்பது ஒரே கேள்விதான்: “மார்க் எவ்வளவு?” அதையடுத்து, “டாக்டரா, இன்ஜினியரா?” இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் பிள்ளையின் கல்வி பற்றிய பேச்சு முற்றுப்பெற்று விடுகிறது. அந்தப் பிள்ளை பாடநூலுக்கு வெளியே எதை வாசித்திருக்கிறது, எதைக் கண்டு வியக்கிறது, எந்த அநீதியைக் கண்டு கொதிக்கிறது என்று கேட்பவர் எவருமில்லை.

இவற்றைக் கேட்கும் கல்லூரிகள் உலகில் இருக்கின்றன. நம் நாட்டிலும் இருக்கின்றன. லிபரல் ஆர்ட்ஸ் என்று அழைக்கப்படும் பல்துறைக் கல்வியை வழங்கும் நிறுவனங்கள் அவை. ஹரியானாவின் சோனிபத்தில் 2014 முதல் இளநிலை மாணவர்களைச் சேர்த்துவரும் அசோகா பல்கலைக்கழகம், சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டியின் கிரியா பல்கலைக்கழகம், பெங்களூருவின் அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. கணிதம் பயில்பவர் வரலாற்றையும், பொருளியல் பயில்பவர் தத்துவத்தையும் சேர்த்துக் கற்கும் வழி அங்கே உண்டு. அமெரிக்காவில் இதைவிட விந்தையான கல்லூரிகளும் உள்ளன. கலிஃபோர்னியாவின் பாலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் 1917 முதல் இயங்கிவரும் டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரியில் ஏறத்தாழ முப்பது மாணவர்களே பயில்கின்றனர். கால்நடை பராமரிப்பும் வயல் வேலையும் அங்கே கல்வியின் பகுதி. புதியவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் மாணவர்களுக்கே பெரும்பங்கு உண்டு.

இத்தகைய கல்லூரிகள் மதிப்பெண் பட்டியலைப் புறக்கணிப்பதில்லை. ஆனால் அதனோடு நின்றுவிடுவதுமில்லை. கட்டுரை எழுதச் சொல்கின்றன, திறனறித் தேர்வு வைக்கின்றன, நேர்காணலுக்கு அழைக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறினும் நோக்கம் ஒன்றே: இந்தப் பிள்ளை தானாகச் சிந்திக்குமா? தன் எண்ணத்தைத் தன் சொல்லில் உரைக்குமா? மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்குமா?

இந்த வாசலில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். அறிவில் அவர்கள் எவருக்கும் குறைந்தவர் அல்லர். பதினேழு ஆண்டுகள் “வாயை மூடு, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே” என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், ஒருநாள் திடீரென “உன் கருத்து என்ன?” என்று அயலார் ஒருவர் கேட்டால், அது எங்கிருந்து சொல்லைத் தேடி எடுக்கும்? அதன் தடுமாற்றத்தைக் கண்டு, “அதெல்லாம் பணக்காரர் வீட்டு, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கான இடம், நமக்கானதன்று” என்று சமுதாயம் முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவைத்தான் நாம் இங்கே எதிர்க்கிறோம். கேள்வி கேட்டு மாணவரை அறியும் அந்த முறை நமக்கு அந்நியமானதன்று. அது நம் சொந்த மரபு.

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தி ஒன்று நாம் அனைவரும் அறிந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமையானது, அது எது என்று கேட்டார்கள். மக்களின் எண்ணம் பாலைநில மரங்களின்பால் சென்றது. அவையில் இளையவராக இருந்த அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்ச மரம் என்று தோன்றியது. ஆயினும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற மூத்தோர் மௌனமாக இருக்கக் கண்டு, வெட்கத்தால் வாய் திறக்கவில்லை. பின்னர் தம் தந்தையிடம் அதைச் சொன்னபோது உமர் (ரலி) அவர்கள் என்ன கூறினார்கள்? பெரியோர் முன் அடங்கியிருந்ததற்காக மகனைப் பாராட்டினார்களா? இல்லை. நீ அதைச் சொல்லியிருந்தால், இன்னின்ன செல்வத்தை விடவும் அது எனக்கு உவப்பாக இருந்திருக்கும் என்றார்கள்.

அதே உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது, பத்ருப் போரில் பங்கேற்ற முதியோரின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்திக்கொண்டார்கள். இவர் வயதில் எங்களுக்கும் பிள்ளைகள் உண்டே என்று சிலர் குறைபட்டனர். உமர் (ரலி) அவர்கள் வாதம் புரியவில்லை. ஸூரத்துந் நஸ்ரின் கருத்து யாது என்று அவையோரைக் கேட்டார்கள். பிறகு அந்த இளைஞரிடம் கேட்டார்கள். அது நபி (ஸல்) அவர்களின் மறைவு நெருங்கியதை அறிவிக்கும் ஸூரா என்று அவர் விளக்கியதும், நானும் அவ்வாறே அறிந்திருக்கிறேன் என்றார்கள். இதைவிடச் சிறந்த நேர்காணல் வேறெது? வயதையும் குடும்பத்தையும் பார்க்காமல், ஒரு கேள்வியால் ஒருவரின் அறிவை வெளிக்கொணர்ந்த முறை அது.

பல்துறைக் கல்வியும் நமக்குப் புதிதன்று. லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த, இன்றும் நம் மதரஸாக்களில் பெயர் சொல்லப்படும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தில் தஃப்ஸீர், ஹதீஸ், ஃபிக்ஹு ஆகியவற்றோடு இலக்கணமும் அணியியலும் தர்க்கமும் தத்துவமும் கணிதமும் இடம்பெற்றிருந்தன. அவருடைய மகனார் பஹ்ருல் உலூம் அப்துல் அலி அவர்கள், ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து கற்பித்தார்கள். தர்க்கநூலுக்கும் உஸூலுல் ஃபிக்ஹு நூலுக்கும் புகழ்பெற்ற விரிவுரைகளை எழுதிய அந்தப் பேரறிஞர் 1810இல் மறைந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார். அங்கே ஜும்ஆ தொழுதுவிட்டு வீடு திரும்பும் ஒரு தந்தை, “லாஜிக், ஃபிலாசஃபி எல்லாம் நமக்கெதற்கு?” என்று மகனிடம் கேட்பாரானால் அதைவிட வேதனையான முரண் வேறில்லை.

இம்மரபை அமெரிக்க முஸ்லிம்கள் சிலர் மீட்டெடுத்திருக்கின்றனர். ஹம்ஸா யூசுஃப், ஸைத் ஷாகிர், ஹாத்திம் பாஸியான் ஆகியோர் இணைந்து உருவாக்கிய ஸைத்தூனா கல்லூரி கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருக்கிறது. 1996இல் சிறு கல்வி நிலையமாகத் தொடங்கிய அமைப்பு, 2010இல் இளநிலைப் பட்ட வகுப்பைத் தொடங்கியது; 2015இல் அந்நாட்டின் முறையான கல்வி அங்கீகாரத்தைப் பெற்றது. அங்கீகாரம் பெற்ற முதல் முஸ்லிம் கல்லூரி என அங்கே அது அறியப்படுகிறது. அரபியும் ஃபிக்ஹும் அகீதாவும் கற்கும் மாணவர் அங்கே தர்க்கத்தையும் மேலைத் தத்துவத்தையும் சேர்த்தே கற்கின்றனர். துனிஸ் நகரின் பழம்பெரும் ஸைத்தூனா பள்ளிவாசல் கல்விக்கூடத்தின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அந்நகரில்தான் 1332இல் இப்னு கல்தூன் பிறந்தார். வரலாறு, பொருளியல், சமூகவியல் என்று இன்று தனித்தனித் துறைகளாகப் பிரிக்கப்பட்டவற்றை ஒருசேரச் சிந்தித்த அவருக்கு இன்றைய நம் மஹல்லா என்ன அறிவுரை கூறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, எதிர்ப்போர் கூறும் காரணங்களுக்கு வருவோம்.

முதலாவது, ஈமான் போய்விடும் என்பது. இந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். எல்லாவற்றையும் கேள்விக்கு உட்படுத்தும் வகுப்பறையில், தொழுகையை அறியாத தோழமைச் சூழலில், அடித்தளமற்ற பிள்ளை அசையக்கூடும். ஆனால் அதற்கு மருந்து கேள்வியைத் தடுப்பதன்று. இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்று இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் இறைவனிடமே கேட்டார்கள். நம்பிக்கை இல்லாமல் அன்று, உள்ளம் அமைதியடைவதற்காக. அல்லாஹ் அவர்களைக் கடியவில்லை, காட்டிக் கொடுத்தான். வீட்டில் கேட்க முடியாத கேள்வியைத்தான் பிள்ளை வெளியே கேட்கிறது. வெளியே கிடைக்கும் விடையைத்தான் நம்பிவிடுகிறது. பொறியியல் கல்லூரி விடுதியில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் மகனின் ஈமானுக்கு மட்டும் காவல் இருக்கிறதென்று யார் சொன்னது?

இரண்டாவது, வேலை கிடைக்காது என்பது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டே, அது பி.இ. பட்டத்தின் வழியாக மட்டுமே வரும் என்று நம்புவது விந்தை. பொறியியல் முடித்துவிட்டுத் தொடர்பற்ற வேலையில் அமர்ந்திருக்கும் இளைஞர் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. மறுபுறம், ஊடகம் நம்மைப் பற்றிப் பொய் சொல்கிறது, நம் வரலாற்றைத் திரிக்கிறார்கள், வக்ஃபு வழக்கில் நம் பக்கத்தை எடுத்துரைக்க ஆளில்லை என்ற புலம்பல் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறது. அந்தப் பத்திரிகையாளரும் வரலாற்றாசிரியரும் சட்ட அறிஞரும் எங்கிருந்து வருவார்கள்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், தனியார் சட்டப் பாதுகாப்புக்காகத் திருத்தம் முன்வைத்து வாதிட்டவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். அன்று தேவைப்பட்டவை சொல்லாற்றலும் சட்ட அறிவும் அஞ்சாமையும். அவற்றை வளர்க்கும் கல்வியை வீண் என்று ஒதுக்கும் சமுதாயம், நாளை தனக்காகப் பேச ஆளில்லை என்று அழும் உரிமையை இழந்துவிடுகிறது.

மூன்றாவது, பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்பது. பாதுகாப்பும் மார்க்க வரம்பும் ஆராயப்பட வேண்டியவையே. விடுதி எத்தகையது, தொழவும் ஹலால் உணவுக்கும் வழி உண்டா, பயணத்தில் துணை யார் என்று தந்தை கேட்பது அவர் கடமை. ஆனால் அக்கேள்விகளை எல்லாப் படிப்புக்கும் ஒரே அளவில் கேளுங்கள். நீட் பயிற்சிக்காக மகளை ஓராண்டு வெளியூர் விடுதியில் சேர்க்கும் வீடுகள் இருக்கின்றன. மருத்துவ இடத்துக்காக ஃபிலிப்பைன்ஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் அனுப்பும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே நினைவுக்கு வராத மஹ்ரம் சட்டம், மகள் வரலாறு படிக்க பெங்களூரு போகிறேன் என்றதும் நினைவுக்கு வருமானால், அங்கே பேசுவது மார்க்கமன்று, சமூக அந்தஸ்து.

நான்காவது, பணம். இது மெய்யான தடை. தனியார் பல்கலைக்கழகங்களின் செலவு ஆண்டுக்குப் பல இலட்சங்களைத் தொடும். வட்டிக் கடன் வேண்டாம் என்று விலகும் குடும்பத்தின் தக்வாவை நாம் மதிக்கிறோம். ஆயினும், குடும்ப வருவாயைப் பொறுத்துக் கட்டணச் சலுகை வழங்கும் ஏற்பாடு மேற்சொன்ன இந்திய நிறுவனங்களில் உண்டு. அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் தகுதியுள்ள ஏழை மாணவருக்குக் கட்டணத்தோடு விடுதிச் செலவுக்கும் உதவி கிடைக்கக்கூடும். கேட்டறியாமலேயே இல்லையென்று முடிவு செய்வது முறையன்று. எஞ்சிய தொகைக்கு ஜமாஅத்தின் பைத்துல்மாலும் கல்வி அறக்கட்டளைகளும் முன்வர வேண்டும். ஸகாத்தை எந்த அளவுக்கு இதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டுமே உதவித்தொகை என்று விதி வைத்திருக்கும் அறக்கட்டளைகள் அவ்விதியை எந்த ஆயத்திலிருந்து, எந்த ஹதீஸிலிருந்து எடுத்தன?

நம் குடும்பங்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. இத்தகைய கல்லூரிகளின் சேர்க்கை பெரும்பாலும் பொதுத்தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. மே மாதத்தில் விழித்துக்கொள்பவர் மிகவும் பிந்தியவர். ஆயத்தமோ அதற்கும் பல ஆண்டுகள் முன்பே, வீட்டுக்குள் தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளையின் கையில் பாடநூல் அல்லாத நூல்கள் இருக்கட்டும். இரவு உணவின்போது அன்றைய செய்தி ஒன்றைக் குறித்து “நீ என்ன நினைக்கிறாய்?” என்று வாப்பா கேட்கட்டும், விடை பிழையாக இருந்தாலும் முழுவதும் கேட்கட்டும். ஜும்ஆ பயான் முடிந்ததும் அதிலிருந்து ஒரு கேள்வி எழுப்பப் பிள்ளைக்கு இடம் கிடைக்கட்டும். தினம் அரைப் பக்கம் எழுதும் பழக்கம் தமிழிலாவது தொடங்கட்டும். தமிழில் தெளிவாகச் சிந்திக்கத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்தையும் எட்டிப் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விண்ணப்பக் கட்டுரையைப் பிறரிடம் கொடுத்து எழுதி வாங்காதீர்கள், இயந்திரத்திடமும் வாங்காதீர்கள். நேர்காணலில் அது வெளிப்பட்டுவிடும் என்பது சிறிய காரணம். பிள்ளையின் கல்வி வாழ்வைப் பொய்யில் தொடங்கி வைப்பது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம் என்பதே பெரிய காரணம்.

எல்லாப் பிள்ளைகளும் இத்தகைய கல்லூரிக்குச் செல்ல வேண்டுமென நாம் சொல்லவில்லை. மருத்துவரும் பொறியாளரும் நமக்குத் தேவை. மெய்யான நாட்டம் உள்ளவர் அங்கே செல்லட்டும். ஆனால் ஒரு பிள்ளை தன் முயற்சியால் எழுதி, பேசி, இத்தகைய வாசலில் இடம் பெற்று வந்து நிற்குமானால், “உறவினர் கேட்டால் என்ன சொல்வது?” என்ற ஒரே காரணத்துக்காக அந்த இடத்தை உதறச் செய்யாதீர்கள். இடம் கிடைக்காமல் போனாலும் இழப்பில்லை. வாசிக்கவும் எழுதவும் பேசவும் பழகிய பிள்ளை வீட்டில் மிஞ்சியிருக்கும்.

தம் மகன் பேசியிருக்கக் கூடாதா என்று ஏங்கிய உமர் (ரலி) அவர்களின் வழியில் நம் தந்தையர் நிற்பார்களாக. நம் பிள்ளைகளின் நாவின் முடிச்சை அல்லாஹ் அவிழ்ப்பானாக. பயனுள்ள கல்வியை அவர்களுக்கு அதிகப்படுத்துவானாக. ஆமீன்.