22 பக்கக் கதையும் 18 நிமிடப் பாட்டும்

சென்ற இதழில் 22 பக்கத்துக்கு ஒரு கதை போட்டோம். வந்த கடிதங்களில் பாதி கதையைப் பற்றி, மீதி பக்கங்களைப் பற்றி. திருச்சி எடமலைப்பட்டி புதூரில் பேருந்து ஏறினால் சத்திரம் பேருந்து நிலையம் வருவதற்குள் முடிகிற மாதிரி கதை போடக் கூடாதா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, எழுபதுகளின் இங்கிலாந்து வழியாக.

வானொலிக்கு மூன்று நிமிடப் பாட்டு போதும் என்று இசைத்தட்டுக் கம்பெனிகள் இருந்த காலத்தில், எல்.பி. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குமே, அதை ஏன் துண்டு போட வேண்டும் என்று சில இளைஞர்களுக்குத் தோன்றியது. புரோக்ரெசிவ் ராக் பிறந்த கதையில் பெரும்பகுதி இதுதான். 1972 செப்டம்பரில் ‘யெஸ்’ குழு வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’ தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 18 நிமிடத்துக்கு மேல். பறவைச் சத்தமும் நீரோட்டமுமாகத் தொடங்கி, கிதாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தி, நடுவில் எல்லாம் அடங்கிப்போகும். அந்த அடக்கத்துக்குள்ளிருந்து லண்டன் தேவாலயம் ஒன்றின் குழாய் ஆர்கன் எழுந்து வரும். வாசித்தவர் ரிக் வேக்மன். அதற்குப் பிறகு, முன்பு கேட்ட அதே மெட்டு திரும்பி வருகிறது. சுரம் மாறவில்லை, ஆனால் கனம் மாறியிருக்கிறது. நடுவே அவ்வளவு தூரம் நம்மை நடத்திக் கூட்டிப்போகாமல் அந்தக் கனத்தை உண்டாக்க முடியாது. பல்லவி பாடுகிறவர் ஒரே வரியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு எடுப்புக்கு வந்து விழுகிறாரே, அந்தச் சுகம்தான் இதுவும்.

இந்தப் பாட்டுக்குப் பொறி, ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தா’ நாவல் என்று பாடகர் ஜான் ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார். அதே நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் திருலோக சீதாராம். திருச்சியிலிருந்து ‘சிவாஜி’ இதழை நெடுங்காலம் நடத்தியவர். ஆகவே இந்த ஊரில் சிற்றிதழ் நடத்துகிற நாங்கள் யெஸ் குழுவுக்கு ஒரு வகையில் பங்காளிகள். உரிமையோடு குறையும் சொல்லலாம்.

குறைக்குப் பஞ்சமில்லை. அடுத்த வருஷமே, 1973இல், பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரித’த்தில் சாத்திரங்களைப் பற்றி வரும் ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு இரட்டைத் தட்டு போட்டார்கள். நாலு பக்கத்துக்கு நாலே பாட்டு. மொத்தம் 80 நிமிடம். வேக்மனுக்கே பொறுக்கவில்லை. மான்செஸ்டர் மேடையில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே கறி வரவழைத்துச் சாப்பிட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974இல் குழுவை விட்டும் போய்விட்டார். நீளம் என்பது உரிமை என்று நினைத்துவிட்டால் வாசிக்கிறவனுக்கே பசி எடுத்துவிடும்.

இந்த வகையில் எனக்கு உச்சம் எது என்று கேட்டால் கிங் கிரிம்ஸனின் ‘ஸ்டார்லெஸ்’ என்பேன். 1974இல் வந்த ‘ரெட்’ தட்டின் கடைசிப் பாட்டு, 12 நிமிடம். முதல் நாலு நிமிடம் சோகமான பாட்டு, அவ்வளவுதான். பிறகு பாடல் நின்று, பேஸ் கிதார் 13 எண்ணிக்கையில் ஒரு சுழலைத் தொடங்குகிறது. அதன்மேல் ராபர்ட் ஃபிரிப் கிதாரில் ஒரே ஒரு சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். ஒரே சுரம், இரண்டு தந்திகளில் மாறி மாறி. எப்போதாவது ஒரு படி ஏறுகிறார். டிரம்ஸ் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று உதிரியாக விழுந்து, மெல்ல நெருங்கிக் கூடுகிறது. முதல் முறை கேட்கும்போது கேசட் கோளாறோ என்று தோன்றும். மூன்றாம் நிமிடத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்போம். பாட்டு வேகமெடுத்து உடைகிற இடத்தில், தொடக்கத்தில் கேட்ட சோகமெட்டு சாக்ஸபோனில் வந்து இறங்குகிறது. தனியாவர்த்தனத்துக்குக் கேன்டீன் பக்கம் எழுந்து போகிற ரசிகர்கள் ஒருமுறை இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார் என்பது தனிக்கதை.

தாளத்தைப் பொறுத்தவரை நம் காதுக்கு இதெல்லாம் பெரிய மிரட்டல் இல்லை. பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ ஏழில் ஓடுகிறது, ஜெத்ரோ டல்லின் ‘லிவிங் இன் தி பாஸ்ட்’ ஐந்தில். மிச்ரமும் கண்டமும் கோயில் வாசலிலேயே கேட்டு வளர்ந்த ஊர் இது. அங்கே விமர்சகர்கள் வியந்து எழுதியதைப் படித்தால் இங்கே தவில்காரர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஜெத்ரோ டல்லைப் பற்றிப் பத்திரிகைக்காரனாக ஒரு பொறாமை உண்டு. 1972இல் வந்த ‘திக் ஆஸ் எ பிரிக்’ இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு. நீளமான தத்துவத் தட்டுகளைக் கிண்டல் செய்யவே போட்ட நீளமான தட்டு அது. உறைக்குப் பதிலாக 12 பக்கத்தில் ஒரு பொய்ச் செய்தித்தாள் அச்சடித்தார்கள். பாட்டை எழுதியவன் எட்டு வயதுப் பையன் என்று அதில் செய்தி. அசல் தட்டை நாங்கள் பார்த்ததில்லை. எங்களுக்கு அது துவாக்குடி ஆர்.இ.சி. விடுதியிலிருந்து நகலாக வந்தது. 90 நிமிட கேசட்டின் ஒரு பக்கத்தில் 43 நிமிடமும் அப்படியே அடங்கிவிடும். லண்டன்காரன் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டிய இடத்தில் நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.

இந்த நீளப் பாட்டுக்காரர்களில் நம்மாட்கள் யார் என்று கேட்டால், மாற்றுக்கருத்தே இல்லாமல் ‘சக்தி’ குழு. அவர்களை ராக் கணக்கில் சேர்க்கலாமா என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும். மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் மின்கிதாரை இடிமாதிரி முழக்கிய ஜான் மக்லாஃப்லின், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம், ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரிதான் முதல் தட்டு. அதில் ஓர் உருப்படி 18 நிமிடம், இன்னொன்று ஏறக்குறைய 29. மக்லாஃப்லின் தன் கிதாரின் கழுத்தில், விரல் வைக்கும் மெட்டுகளுக்கு நடுவிலுள்ள மரத்தைக் குடைந்தெடுக்கச் செய்தார். விரல் அங்கே பள்ளத்துக்குள் இறங்கித் தந்தியை அழுத்தி இழுக்கும். வீணையின் கமகம் கிதாருக்கு வரும். இணைவு இசை என்ற பெயரில் பிற்பாடு வந்த பலர் கருவியைக் குடையவில்லை, மேடையை மட்டும் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

இன்று பெங்களூரின் ‘அகம்’ குழு தன்னைக் கர்நாடக புரோக்ரெசிவ் ராக் என்றே சொல்லிக்கொள்கிறது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் நல்ல குரல். ஆனால் தியாகராஜர் ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டுக்குக் கிதார் பெயின்ட் அடிக்கிறதோ என்று சில பாட்டுகளில் சந்தேகம் வருகிறது. கீர்த்தனையை விட்டு விலகி அவர்கள் வாசிக்கும் இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கொச்சியின் ‘மதர்ஜேன்’ 2008இல் போட்ட ‘மக்தூப்’ தட்டில் பைஜு தர்மஜனின் கிதார் இன்னும் துணிச்சலாகப் போகிறது.

இளையராஜாவைச் சொல்லாமல் விட்டால் அடுத்த கடிதக் கட்டு அதற்காகவே வரும். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ தட்டில் பாக்கையும் தியாகராஜரையும் அவர் ஒரே அறையில் உட்காரவைத்தார். அதில் எந்த உருப்படியும் தட்டின் பக்கத்தை விழுங்கவில்லை. சினிமாப் பாட்டின் இடையிசையிலேயே ஒரு முழு ஊரைக் காட்டிவிடுகிறவருக்கு நீளம் எதற்கு? இது என் வாதத்துக்கு எதிரான சாட்சிதான். மறுக்கத் தெரியவில்லை, மறுக்க ஆசையும் இல்லை.

நண்பருக்குப் பதில் இதுதான்: திரும்பி வருகிற இடம் கனத்திருந்தால் பக்கம் எண்ண மாட்டோம். இந்த இதழில் ஒரு குறுநாவலை முழுதாகப் போட்டிருக்கிறோம். ஒரு கட்டுரையிலிருந்து ஆறு பக்கத்தை எடுத்துவிட்டோம். எழுதியவர் இன்னும் எங்களோடு பேசவில்லை. காகித விலை ஏறியிருப்பதால் தனி இதழுக்குப் பத்து ரூபாய் கூட்டியிருக்கிறோம். சந்தாதாரர்களுக்குப் பழைய விலையே.